பாம்பன் பக்கம் ஓடுற வண்டி: 11,200 கிலோமீட்டர்லயே செயின் செட் போச்சு, வாரண்டி கேட்க வழி இருக்கா?

பாம்பன் 160 (கேள்வி):

வண்டி 160 சிசி. மேல்பக்கம் மட்டும் கவர் உள்ள, திறந்த செயின் மாடல். 428 சைஸ், ஓ-ரிங் செயின் (மூட்டுக்குள்ள இருக்கிற கிரீஸ் வெளியேறாம ரப்பர் வளையம் போட்டது). வாங்கி ஒரு வருஷம் ஆகல, ஓடோமீட்டர் 11,200. பாம்பன் – ராமநாதபுரம் ஓட்டம், நடுநடுவுல தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும்.

3ஆவது கியர்ல 30–35ல த்ராட்டிலை விட்டுப் பிடிச்சா டக்னு வெட்டுது. பின் சக்கரத்தைக் கையால சுத்தினா ஒரு இடத்துல செயின் விறைக்குது, இன்னொரு இடத்துல தொங்கி கவர்ல தட்டுது. அட்ஜஸ்டர்ல இன்னும் ரெண்டு கோடுதான் பாக்கி. முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) பல்லு ஒரு பக்கமா வளைஞ்ச மாதிரி இருக்கு. பின் ஸ்ப்ராக்கெட் கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுது.

சர்வீஸ் சென்டர்ல, "செயின் செட் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது, அதுலயும் கடல் பக்கம் ஓடின வண்டி"ன்னு முடிச்சுட்டாங்க. செட் 2,150, லேபர் தனியாம். வெளியில கேட்டா, "ரெண்டு கண்ணியை வெட்டிடலாம், இன்னும் 5,000 தாராளமா ஓடும்"ங்கிறாங்க.

இது நிஜமாவே தேய்மானம்தானா, இல்ல பார்ட்ல குறையா? எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது? கண்ணி வெட்டலாமா? முன் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் மட்டும் மாத்தினா போதுமா?


மண்டபம் பட்டறை:

கண்ணி வெட்டுற யோசனையை முதல்ல விடுங்க தம்பி.

செயின் நீளுதுன்னு பேச்சுக்குச் சொல்றோமே தவிர, பிளேட்டு எதுவும் இழுபடுறதில்ல. ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு பின், அதாவது சின்ன இரும்புத் தண்டு, அதைச் சுத்தி புஷ், அதுக்கு மேல ரோலர். பின்னும் புஷ்ஷும் உரசித் தேயுது. ஒரு மூட்டுக்குக் கால் மில்லின்னு வைங்க, 132 கண்ணி செயின்ல மொத்தம் 33 மி.மீ. வந்துடும். 428 செயின்ல கண்ணிக்குக் கண்ணி இடைவெளி 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். ஸ்ப்ராக்கெட் பல்லும் அந்த 12.7க்குத்தான் வெட்டினது. செயின் 12.95 ஆனதும் ரோலர் பள்ளத்துல உக்காராம பல்லு மேல ஏறும். நாலஞ்சு பல்லு சேர்ந்து சுமக்க வேண்டிய பாரம் ஒண்ணு ரெண்டு மேல விழுந்து பல்லு கொக்கி மாதிரி வளையுது. ரெண்டு கண்ணி வெட்டினா மொத்த நீளம் குறையும், அச்சு 12.7 மி.மீ. முன்னால வரும், அட்ஜஸ்டர்ல இடம் கிடைக்கும். ஆனா இடைவெளி அதே 12.95தான். நல்லா இருக்கிற பின் ஸ்ப்ராக்கெட்டையும் அது தின்னுடும்.

முன் ஸ்ப்ராக்கெட் முதல்ல போறதுல ஆச்சரியம் இல்ல. முன்ன 15 பல்லு, பின்ன 44ன்னா, பின் பல்லு ஒரு தடவை அடி வாங்குறதுக்குள்ள முன் பல்லு மூணு தடவை வாங்கிடும். அதை வச்சு பார்ட் குறைன்னு சொல்ல முடியாது.

தேய்மானமா குறையான்னு தெரியணும்னா அளக்கணும். சாவியை எடுத்துட்டு நடு ஸ்டாண்ட் போடுங்க. இல்லாத மாடல்னா பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துற பேடாக் ஸ்டாண்ட். 1ஆவது கியர் போட்டு பின் சக்கரத்தை முன்பக்கமாத் தள்ளிப் பிடிச்சா கீழ்ப்பக்கச் செயின் விறைப்பா நிக்கும். ஒரு பின் தலையில வெள்ளை பெயிண்ட் வச்சு அதைச் சைபர்னு எடுத்துக்கங்க. அங்கிருந்து 20ஆவது பின் வரைக்கும் மையத்துக்கு மையம் ஸ்டீல் ஸ்கேல்ல அளங்க. புதுசுல சரியா 254 மி.மீ., பத்து அங்குலம். 256.5 வந்தா 1 சதவீதம் தேய்ஞ்சிருக்கு, 259 வந்தா 2 சதவீதம். 2 தாண்டின செயின் எதுக்கும் ஆகாது. ஓ-ரிங் செயினை அதுக்கு முன்னாடியே மாத்துறது நல்லது. உங்க மாடல் கையேட்டுல வேற எல்லை போட்டிருந்தா அதுதான் கணக்கு.

ஒரே இடத்துல அளந்துட்டு நிறுத்தாதீங்க. செயினை நகர்த்தி நாலு இடத்துல எடுங்க. நாலும் ஒண்ணுபோல கூடியிருந்தா அது தேய்மானம், யார்கிட்டயும் வாதாட முடியாது. மூணு ஒரு மாதிரியும் ஒண்ணு மட்டும் எகிறியும் நின்னா அந்த இடத்தைத்தான் பாக்கணும்.

விறைப்புக்கும் ஒரு சோதனை இருக்கு. சக்கரத்துல ஒரு சாக்பீஸ் குறி, செயின்ல ஒரு குறி. நியூட்ரல்ல மெதுவா சுத்துங்க. ஒவ்வொரு சக்கரச் சுத்துக்கும் ஒரு தடவை விறைச்சா ஸ்ப்ராக்கெட் மையம் தப்பியிருக்கு, இல்ல ஸ்ப்ராக்கெட் ஹப் பேரிங் போயிருக்கு. செயின் முழுசா ஒரு சுத்து வந்தா மட்டும் விறைச்சா, அதாவது 132 கண்ணி, 44 பல்லுன்னா மூணு சக்கரச் சுத்துக்கு ஒரு தடவை, கோளாறு செயின்லயே இருக்கு.

இன்ஜினை ஓடவிட்டு கியர்ல சுத்தவிட்டுப் பாக்க வேண்டாம். ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவுல துணி மாட்டினா விரலும் கூடவே போகும்.


கீழக்கரை ரைடர்:

மண்டபம் காக்கா (அண்ணன்) சொன்னபடி அளந்துட்டு வாங்க. அதுக்குள்ள, கடல் பக்கம் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகுதுங்கிறதை எழுதிடுறேன். செட் மாத்தினாலும் இதைச் சரிபண்ணலைன்னா அடுத்ததும் இதே கிலோமீட்டர்ல போகும்.

உப்பு தன் மேல ஈரத்தை இழுத்து வச்சுக்கும். சாப்பாட்டு உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தொட்டாத்தான் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது 33 சதவீதத்துலயே கரைஞ்சிடும். நம்ம பக்கம் காத்து அந்த அளவுக்கு வறண்டு பார்த்திருக்கீங்களா? வெயில்ல நிறுத்தின வண்டியில கூட செயின் பிளேட்டு மேல உப்புப் படலம் ஈரமாவே இருக்கும். பாம்பன் பாலத்துல ரெண்டு பக்கமும் கடல், தூவானம் நேரா வண்டி மேல அடிக்கும்.

மணல் இன்னொரு தொல்லை. கச்சான் காத்து காலத்துல தனுஷ்கோடி ரோட்டுல மணல் குறுக்க ஓடுறதைப் பாத்திருப்பீங்க. எண்ணெய் சொட்டச் சொட்ட விட்ட செயினோட அங்கே போனா மணலும் எண்ணெயும் சேர்ந்து வால்வு தேய்க்கிற பேஸ்ட்தான். அதனால எண்ணெய் உள்ளே இருக்கணும், வெளியே துடைச்சிருக்கணும்.

அதிகம் பேர் கவனிக்காதது கழுவுற தண்ணி. வாட்டர் சர்வீஸ் கடையில வர்றது பெரும்பாலும் போர் தண்ணி, நம்ம கரையோரத்துல அது உவர். கழுவிக் காஞ்சதும் சைலன்சர் மேல வெள்ளையாப் பூத்திருந்தா அதே உப்பு செயின் மேலயும் உக்காந்திருக்குன்னு அர்த்தம். உப்பைக் கழுவுறதா நினைச்சு உப்பைத்தான் ஏத்துறோம். கடைசி ரெண்டு மக்கு காவிரிக் குடிதண்ணியா ஊத்துங்க. ஒரு லிட்டர் போதும், செயினும் ஸ்ப்ராக்கெட்டும் நனைஞ்சா சரி. பிரஷர் கன்னை செயின் பக்கமே காட்டக் கூடாது. ஓ-ரிங் உதட்டைத் தாண்டித் தண்ணி உள்ளே போயிட்டா, உள்ளே வச்சு அடைச்ச கிரீஸ் போச்சு. அதை வெளியில இருந்து திரும்ப அடைக்க வழியே இல்ல.

சுத்தம் பண்ண மண்ணெண்ணெய் 100 மில்லி, நைலான் பிரஷ். மண்ணெண்ணெய் கிடைக்கலைன்னா டீசல். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங்கைக் கெடுக்கும், தீ பயமும் உண்டு. கம்பி பிரஷ் தொடவே கூடாது. துணியில துடைச்சு அரை மணி நேரம் உலரவிட்டு, 90 கிரேடு கியர் ஆயில். கீழ்ப்பக்கச் செயினோட உள்பக்கத்துல, பிளேட்டும் பிளேட்டும் சேர்ற இடுக்குல, ரெண்டு பக்கமும் சொட்டுச் சொட்டா விடுங்க. 20–30 மில்லிக்கு மேல தேவைப்படாது. ராத்திரி போட்டு வச்சு காலையில வெளிப்பக்கத்தை நல்லாத் துடைச்சுடுங்க. கையேட்டுல 500 கி.மீ.ன்னு இருந்தா இந்தக் கரையில 300. அரிச்சல்முனை போன அன்னைக்கு கி.மீ. கணக்கே கிடையாது, அன்னைக்கு சாயங்காலமே நல்ல தண்ணி ஊத்தித் துடைச்சு எண்ணெய் விடணும். உப்பை ராத்திரி ஊறவிட்டா காலையில பிளேட்டுல செம்பழுப்பு தெரியும்.

டபிள்யூடி-40 அடிச்சுட்டு எண்ணெய் போட்டாச்சுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. அது தண்ணியை வெளியேத்தும், அவ்வளவுதான். மேல கியர் ஆயில் விட்டே ஆகணும்.


தேவிபட்டினம் மீன்வண்டி:

கியர் ஆயில் எல்லாம் சரி, இங்க மீன் ஏத்துற வண்டிகள் பூரா பழைய இன்ஜின் ஆயில்தான் ஊத்துறாங்க, ஓடத்தானே செய்யுது?

பெட்டி கட்டுறவங்களுக்கு ஒண்ணு. தெர்மாகோல் பெட்டியில ஐஸ் உருகுற தண்ணி நேரா இடது பக்கம், செயின் மேலதான் வடியும். மீன் தண்ணி, உப்பு எல்லாம் அதுல. பெட்டி அடியில வடியுற ஓட்டையை அடைச்சுட்டு வலது பக்கம் ஓட்டை போட்டு, ஒரு முழ டியூப் மாட்டி சக்கரத்துக்குப் பின்னாடி இறக்கிவிடுங்க. டயர் மேலயும் பிரேக் மேலயும் படாத இடமாப் பாத்துக்கங்க.


மண்டபம் பட்டறை:

டியூப் யோசனை நல்ல யோசனை அண்ணே. பழைய ஆயில் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். அதுல இரும்புத் தூளும் கரியும் இருக்கு, கூடவே அமிலமும் சேர்ந்திருக்கும். ஓ-ரிங் இல்லாத சாதா செயினை வாரத்துக்கு ரெண்டு தடவை நனைச்சுக்கிட்டே இருந்தா துருவாவது பிடிக்காது, அதனால ஓடுது. ஒண்ணும் ஊத்தாம விடுறதுக்கு அது மேல். ஆனா 90 கிரேடு கியர் ஆயில் ஒரு லிட்டர் வாங்கினா ஒரு வருஷம் வரும், அதுல மிச்சம் பிடிச்சு என்ன ஆகப் போகுது?


குறைதீர் மேசை:

வாரண்டி பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சர்வீஸ் சென்டர் சொன்னதில் பாதி சரி. நம் நாட்டு இருசக்கர வாகன வாரண்டி புத்தகங்களில் செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பல்ப், ரப்பர் பாகங்கள் ஆகியவை பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். ஆனால் அந்த வரியை நீங்களே எடுத்துப் படியுங்கள். "சாதாரணத் தேய்மானம்" விலக்கு என்று எழுதியிருப்பதற்கும், "இந்தப் பாகங்களுக்கு வாரண்டியே இல்லை" என்று எழுதியிருப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. முதல் வகையாக இருந்தால், தயாரிப்புக் குறை என்று காட்ட இடம் திறந்திருக்கிறது. கடல் காற்று, உப்பு பற்றிய வரி பல புத்தகங்களில் பெயிண்ட், முலாம், துரு ஆகியவற்றைச் சுற்றி எழுதப்பட்டிருக்கும். துருப் பிடித்ததற்கான விலக்கை, ரோலர் வெடித்ததற்கும் சேர்த்துச் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

கவுண்டரில் வாயால் கேட்டு வாயால் மறுப்பு வாங்கி வருவது வீண். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) உங்கள் புகார் எப்படிப் பதிவாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "செயின் சத்தம்" என்று எழுதினால் "செயின் டைட் செய்யப்பட்டது" என்று மூடிவிடுவார்கள். அளவு, இடம், எண்ணிக்கை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின்படி என்று அதே ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். சென்டர் ஊழியருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் குறைவு. கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் பார்வையிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் விஷயம் அடுத்த படிக்குப் போகும்.

இலவச சர்வீஸ் எல்லாம் உரிய கிலோமீட்டரில் செய்த பில்கள் இருக்கின்றனவா? அவற்றில் செயின் சுத்தம், லூப் (எண்ணெய் விடுதல்), அட்ஜஸ்ட் என்று இருந்தால் "பராமரிக்கவில்லை" என்ற வாதம் பலவீனமாகும். முழுதாக விழாது. சர்வீஸுக்கு நடுவில் எண்ணெய் விடுவது வாகனம் வைத்திருப்பவர் பொறுப்பு என்பதும் அதே புத்தகத்தில் இருக்கும்.

பணம் கொடுத்து மாற்றினால் பழைய பாகங்கள் உங்களுடையவை. கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். சான்று என்று சொல்ல அதைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.


பாம்பன் 160:

அளந்தாச்சு. நாலு இடத்துல 257, 257, 260, 257. விறைப்பு மூணு சக்கரச் சுத்துக்கு ஒரு தடவைதான் வருது. 260 வந்த இடத்துல அடுத்தடுத்து மூணு மூட்டுல ஓ-ரிங் இல்ல, பிளேட்டுக்கு நடுவுல வெளிச்சம் தெரியுது. மூணுமே வெளிப்பக்கம். அந்த மூட்டுல செங்கல் பொடி மாதிரி துருத்தூள். ஒண்ணு மடங்கின இடத்துல அப்படியே நிக்குது, கையால நிமிர்த்தணும். கம்பி பிரஷ் போட்டதில்ல. வாட்டர் சர்வீஸ்ல பிரஷர்ல அடிச்சிருக்காங்க.

இன்னொண்ணு: பின் ஸ்ப்ராக்கெட்டோட உள்பக்க முகம் ஒரு மாதிரி பளபளன்னு இருக்கு, வெளிப்பக்கம் அப்படி இல்ல.


மண்டபம் பட்டறை:

இப்ப விஷயம் தெளிவாயிடுச்சு. ரெண்டு கோளாறு இருக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

257ன்னா 1.2 சதவீதம். 11,000 கி.மீ.ல, இந்த ரோட்டுல, அது தேய்மானம்தான். வாரண்டியில கேட்காதீங்க. 260 வேற கதை. மீதி செயினை விட 3 மி.மீ. கூட, அதுவும் மூணு மூட்டுல. மூட்டுக்கு ஒரு மில்லி தேய்ஞ்சிருக்குன்னா அந்த மூணுக்கும் உள்ளே ரொம்ப நாளா கிரீஸ் இல்ல. செம்பொடி வர்றதும் அதனாலதான், பின்னும் புஷ்ஷும் எண்ணெய் இல்லாம உரசி, அந்தத் தூள் துருப்பிடிச்சு வெளியே வருது. செயின்ல வேற எந்த இடத்துலயும் அந்த நிறம் இல்லைன்னா படம் எடுத்து வைங்க.

ஏன் ஓ-ரிங் போச்சுங்கிறதுதான் கேள்வி. கம்பி பிரஷ்னா எல்லா ஓ-ரிங்கோட வெளி விளிம்பும் சொரசொரன்னு பிஞ்சிருக்கும். பிரஷர் கன்னை ஒரே இடத்துல பிடிச்சா பக்கத்துப் பக்கத்து மூட்டு போகலாம், அதுவும் கன் காட்டின பக்கம்தான் போகும். உங்களுக்கு வெளிப்பக்கம் மட்டும்ங்கிறது இதுக்கும் பொருந்துது. செயின் பூட்டும்போதே பிளேட்டுக்கு நடுவுல ஓ-ரிங் நசுங்கியிருந்தாலும் இப்படி வரிசையாப் போகும், ஆனா அப்போ மிச்சமிருக்கிற ஓ-ரிங்குல ஒண்ணு ரெண்டாவது அரை வட்டமா வெட்டுப்பட்டு, பிளேட்டுக்கு வெளியே நாக்கு நீட்டிக்கிட்டிருக்கும். அந்த மூணுக்கும் முன்னயும் பின்னயும் அஞ்சஞ்சு மூட்டை டார்ச் அடிச்சுப் பாருங்க. வெட்டுப்பட்ட ஓ-ரிங் கிடைச்சா உங்க பக்கம் பலம். மீதி எல்லாம் முழுசா இருந்தா பிரஷர் கன் மேலதான் எனக்குச் சந்தேகம்.

உள்முகப் பளபளப்பு நேர்கோடு தப்பினது. பின் சக்கரம் கோணி உக்காந்திருக்கு. பஞ்சர் கடையில சக்கரம் கழட்டி மாட்டும்போது ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒண்ணுபோல வைக்காம விட்டா இப்படித்தான் வரும். ஸ்விங்ஆர்ம்ல (பின் சக்கரத்தைத் தாங்குற கை) இருக்கிற கோட்டை மட்டும் நம்பாதீங்க, ரெண்டு பக்கக் கோடும் எப்பவும் ஒத்துப் போறதில்ல. ஸ்விங்ஆர்ம் பிவட் போல்ட் மையத்துல இருந்து பின் அச்சு மையம் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப்ல அளங்க. 1 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது.

இப்போதைக்கு அந்த மடங்கி நிக்கிற மூட்டோட தூரம் போகாதீங்க. செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட்ல சுருட்டிக்கிட்டா இன்ஜின் கேஸ்ல ஓட்டை விழும், சக்கரமும் பூட்டிக்கும். பாலத்து மேல அது நடந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.


குறைதீர் மேசை:

வெட்டுப்பட்ட ஓ-ரிங் கிடைத்தால் ஜாப் கார்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "20 கண்ணிக்கு மூன்று இடங்களில் 257 மி.மீ., ஓரிடத்தில் 260 மி.மீ.; அந்த இடத்தில் அடுத்தடுத்த மூன்று மூட்டுகளில் வெளிப்பக்க ஓ-ரிங் இல்லை, ஒரு மூட்டு இறுகியுள்ளது; தயாரிப்புக் குறை எனச் சந்தேகம், ஏரியா சர்வீஸ் மேனேஜர் ஆய்வு கோருகிறேன்." ஸ்கேல் வைத்த படம், ஓடோமீட்டர் படம், சேசிஸ் எண், வாங்கிய பில் ஆகியவற்றை இணைத்துக் கம்பெனி வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் அதே நாளில் அனுப்புங்கள். செயினை மட்டும் கேளுங்கள். ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துக் கேட்டால் மொத்தமும் தேய்மானம் என்று ஒரே வரியில் தள்ள வசதியாகிவிடும். வாரண்டியாக இல்லாவிட்டாலும் "குட்வில்" என்ற பெயரில் செயினையோ லேபரையோ விட்டுக்கொடுப்பது வழக்கத்தில் உண்டு. அதையும் தயங்காமல் கேட்கலாம்.

பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பாகத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் சட்டத்தின் 38ஆவது பிரிவில் வழி இருக்கிறது.

ஆனால் 2,150 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவது என் கணக்கில் நட்டம். வாய்தாவுக்கு நாள்கூலி போய்விடும். செயின் அறுந்து இன்ஜின் கேஸ் உடைந்திருந்தால் நிச்சயம் போங்கள் என்பேன். இங்கே மின்னஞ்சலோடும் 1915 எண்ணோடும் நிறுத்திக்கொள்வதே புத்தி. அவர்கள் பதிலுக்காக இந்தச் செயினோடு காத்திருக்காதீர்கள். ஜாப் கார்டு பதிவாகி, படங்களும் எடுத்த பிறகு காசு கொடுத்து மாற்றிவிட்டுப் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.


பாம்பன் 160:

டார்ச் அடிச்சுப் பாத்தேன். மூணுக்கு முன்னாடி இருக்கிற மூட்டுல ஒரு ஓ-ரிங் பாதி வெட்டுப்பட்டு வெளியே நீட்டிக்கிட்டிருக்கு. மத்ததெல்லாம் முழுசா இருக்கு. படம் எடுத்தாச்சு, நாளைக்கு ஜாப் கார்டு போடுறேன். செட் மாத்தும்போது கவனிக்க வேண்டியது என்ன? கூடவே முன் ஸ்ப்ராக்கெட் 15க்குப் பதிலா 14 போடலாமா, காத்துல எதிர்த்துப் போகும்போது இழுவை பத்தல.


மண்டபம் பட்டறை:

வெட்டுப்பட்டது கிடைச்சிடுச்சுன்னா கேட்டுப் பாக்க முகாந்திரம் இருக்கு. அந்த மூட்டைத் துடைக்காதீங்க, இழுக்காதீங்க, அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்க.

செயின், ரெண்டு ஸ்ப்ராக்கெட், செட் மூணும் சேர்ந்தே மாத்தணும். கம்பெனி ஸ்பேர், இல்லைன்னா ரோலான், டைமண்ட் மாதிரி தெரிஞ்ச பேர், பில்லோட வாங்குங்க. பெட்டியில ஓ-ரிங் செயின்னு இருக்கான்னு பாருங்க. அதே 428ல ஓ-ரிங் இல்லாததும் வரும், விலை குறைச்சலா இருக்கும். கண்ணி எண்ணிக்கையும் பழைய செயினோட ஒத்துப் போகணும்.

சக்கரம் கழட்டின கையோட ஹப் உள்ளே இருக்கிற கப்ளிங் ரப்பரைப் பாருங்க. ஸ்ப்ராக்கெட்டைக் கையால முன்ன பின்ன திருப்பினா தளதளன்னு ஆடினா ரப்பர் மாத்துங்க. நீங்க சொன்ன டக்கு வெட்டுல அதுக்கும் பங்கு இருக்கலாம், அதை விட்டுட்டுச் செட்டை மட்டும் மாத்தினா வெட்டு போகாது. ஸ்ப்ராக்கெட் ஹப் பேரிங்கையும் விரலால சுத்திப் பாருங்க, சொரசொரப்பு இருந்தா உப்புத் தண்ணி உள்ளே போயிருக்கு. முன் ஸ்ப்ராக்கெட் கவரைத் திறந்தா உள்ளே மணலும் பழைய கிரீஸும் சேர்ந்து கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், சுரண்டி எடுங்க. புதுச் செயினுக்கு முதல் எதிரி அதுதான். பின் ஸ்ப்ராக்கெட் நட்டை எதிரெதிரா முறுக்கணும், லாக் வாஷர் இருந்தா புதுசு போடணும்.

செயின் லாக் கிளிப் மாடல்னா, கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கணும், திறந்த வாய் பின்னாடி. லாக்கோட வர்ற நாலு ஓ-ரிங்கும் கிரீஸ் தடவி உக்காரணும். அவசரத்துல ரெண்டை விட்டுட்டா அந்த லாக்தான் முதல்ல போகும்.

தொய்வை விறைப்பான இடத்துல வச்சு அளங்க. எவ்வளவுன்னு ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். இந்த சைஸ் வண்டிகள்ல பெரும்பாலும் 20–30 மி.மீ. நம்ம ரோட்டுக்குப் பெரிய நம்பர் பக்கமே இருக்கட்டும். வீணைக் கம்பி மாதிரி முறுக்கினா ரெண்டு பேர் உக்காரும்போது செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் வெளித்தண்டு பேரிங்கும் ஆயில் சீலும் போகும். புதுச் செயின் முதல் 500 கி.மீ.ல கொஞ்சம் படியும், அப்ப ஒரு தடவை திரும்பச் சரிபண்ணுங்க.

14 பல்லு வேண்டாம். இழுவை 7 சதவீதம் கூடும், ஆனா இன்ஜின் எப்பவும் அதிக சுத்துல ஓடும், மைலேஜ் இறங்கும். சின்ன ஸ்ப்ராக்கெட்ல செயின் இன்னும் அதிகமா மடங்கும், தேய்மானமும் கூடும். வேக சென்சார் கியர்பாக்ஸ்ல இருக்கிற மாடல்னா மீட்டர் உள்ளதை விடக் கூடுதலாக் காட்டும். எல்லாத்துக்கும் மேல, வாரண்டி பேசிக்கிட்டிருக்கிற வண்டியில பல்லு எண்ணிக்கையை மாத்தினா மறுக்க அவங்களுக்கு ஒரு காரணத்தை நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். எதிர்காத்துல ஒரு கியர் இறக்கி ஓட்டுங்க.